பலகைச் சுவரில் மூன்று தட்டு

அருங்காட்சியகத்தின் அடித்தளத்தில் இரண்டு அறைகள் உண்டு. ஒரு காலத்தில் அது ஒரே அறை. இரண்டு பேரை ஒன்றாக உட்காரவைத்தால் அரட்டை அடித்தே பொழுதைப் போக்கிவிடுவார்கள் என்று எந்த அதிகாரிக்கோ தோன்றியிருக்கிறது. குறுக்கே பலகை அடித்துச் சுவராக்கிவிட்டார். பிற்காலத்தில் அங்கே வந்து உட்காரப்போகிற இருவரும் வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவர்கள் என்பது அந்தப் புண்ணியவானுக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருந்தால் ஆணியாவது மிச்சமாகியிருக்கும்.

இந்தப் பக்கத்து அறையில் இருப்பவளைக் கல்லுக்காரி என்பார்கள். நாற்பதைத் தாண்டியவள், தனியாள். தட்டையான பாறைத் துண்டுகளைப் பிளந்து, உள்ளே பதிந்திருக்கும் ஆதிகாலத்துப் பூச்சிகளை ஊசியால் சுரண்டி வெளியே கொண்டுவருவது அவள் வேலை. பூச்சி என்று சொல்வதுகூட ஒரு மரியாதைக்குத்தான். உடம்பு என்றைக்கோ போயிருக்கும். ஆற்றில் விழுந்து, சேற்றில் புதைந்து, அந்தச் சேறும் இறுகிக் கல்லானபின் இறக்கையின் தடம் மட்டும் மிஞ்சியிருக்கும். பறவை என்று ஒன்று வருவதற்கு முன்னால், பூ என்று ஒன்று பூப்பதற்கு முன்னால் பறந்த இறக்கை. கல்லைப் பிளந்தால் ஒரு பாதியில் மேடாகவும் மறுபாதியில் பள்ளமாகவும் அதே இறக்கை இரண்டு தரம் கிடைக்கும். அந்த இரண்டு பாதிகளையும் அவள் ஒருநாளும் பிரித்து வைத்ததில்லை. ஒரே பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவாள்.

அந்தப் பக்கத்து அறை பூச்சிக்காரருடையது. அவருக்கு உயிரோடு இருப்பவைதான் வேண்டும். அதிலும் ஒரே ஒரு கூட்டம், ஓடைக் கல்லுக்கு அடியில் வாழும் கல்பூச்சி. அறையை ஐஸ் பெட்டி மாதிரி குளிராக வைத்துக்கொண்டு, கழுத்தில் மஃப்ளரும் கால்களில் ஜோடி சேராத சாக்ஸுமாக நடமாடுவார். பலகைச் சுவரை ஒட்டி நீளமான மரத்தொட்டி ஒன்றைத் திருகாணியால் முடுக்கியிருந்தார். அதில் கூழாங்கல், மட்கிய இலை, மரப்பட்டை, அவற்றின் மேல் இரவும் பகலும் ஓடும் குளிர்ந்த தண்ணீர். தொட்டிக்கு நேர் இந்தப் பக்கம், அதே பலகையில், கல்லுக்காரியின் மேசை முடுக்கப்பட்டிருந்தது. வருடக்கணக்காக இருவரும் அப்படித்தான் நடுவில் ஒரு பலகையோடு எதிரும் எதிருமாக வேலை பார்த்தார்கள். படிக்கட்டில் எதிர்ப்பட்டால் "மழை வரும்போல இருக்கு" என்பார் அவர். "ஆமா" என்பாள் இவள். அந்த வருட மழைக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

குளிர்காலம் தொடங்கியபோது ஒருநாள் அவர் இவளுடைய கதவருகே வந்து நின்றார்.

"ஒரு உதவி வேணும். மத்தியானம் சாப்பிட்டப்புறம் ஒரு மணி நேரம் அந்த அதிர்ற ஊசியைப் போடாம இருக்க முடியுமா? எங்க ஆளுங்க பயந்துக்கறாங்க."

"எந்த ஆளுங்க?"

"தொட்டியில இருக்கறவங்க."

கல்லுக்காரி சிரிப்பை விழுங்கிக்கொண்டாள். "சரி, அந்த நேரத்துல கையூசி வெச்சுப் பாத்துக்கறேன். அது சத்தமே போடாது" என்றாள்.

வந்த காரியம் முடிந்தும் அவர் போகவில்லை. நுண்ணோக்கியின் அடியில் இருந்த கல்லைப் பார்க்கலாமா என்று கேட்டார். குனிந்தவர் நெடுநேரம் நிமிரவில்லை. பிறகு, வெளியூரில் சொந்தக்காரரைக் கண்டுவிட்டவர் குரலில், "இது நம்ம ஆளு" என்றார்.

"இறக்கையை முதுகு மேல ஒண்ணு மேல ஒண்ணாப் படிய வெச்சிருக்கு பாருங்க. இன்னிக்கும் இப்படியேதான் மடிக்கறாங்க. எத்தனை கோடி வருஷம் ஆச்சு, மாத்திக்கவே இல்ல."

அன்று அவர் பேசினார். பேசாத மனிதர் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது என்பது சரிதான். கல்பூச்சியில் ஆயிரக்கணக்கான இனங்கள் இருக்கின்றன என்றார். உறைந்த ஆற்றின் பனிமேல் நடைபழகும் கறுப்புச் சிறிசுகள் உண்டு. இறக்கையே வேண்டாம் என்று விட்டுவிட்டவையும், இறக்கை இருந்தும் பறக்கச் சோம்பல்பட்டு அதைப் பாய்மரமாக விரித்துத் தண்ணீர்மேல் சறுக்கிப் போகிறவையும் உண்டு. ஓர் இனம் ஏரியின் ஆழத்திலேயே பிறந்து, வளர்ந்து, கூடி, செத்தும் போகும். காற்று என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. சில வளர்ந்தபின் சாப்பிடுவதில்லை. இளமையெல்லாம் தண்ணீருக்குள் இலையைக் கடித்தும் ஒன்றையொன்று வேட்டையாடியும் வருடக்கணக்கில் வளர்ந்து, பலமுறை சட்டை உரித்து, கடைசியில் கல்லின்மேல் ஏறி வந்தால் சில வாரங்கள்தான் இறக்கை வாழ்க்கை.

"தண்ணி கொஞ்சம் சூடாச்சுன்னா, கொஞ்சம் அழுக்காச்சுன்னா, முதல்ல போறது இவங்கதான். சண்டை போடமாட்டாங்க. சொல்லிக்காம போயிடுவாங்க" என்றார்.

கல்பூச்சி தட்டும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. அவருக்கு அது மூச்சு விடுவது மாதிரி, சொல்லவேண்டிய விஷயமாகவே படவில்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லித் தொலைத்திருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை.

சில நாள் கழித்து, மத்தியானத்தில், சுவர் தட்டியது.

கையூசியால் மணல்மணலாகக் கல்லை எடுத்துக்கொண்டிருந்தாள் அவள். அந்த வேலையில் ஒரு கட்டத்துக்குமேல் அறை காணாமல் போய்விடும். நுண்ணோக்கியின் வட்டத்துக்குள் இறக்கையின் நரம்புகள் கிளைபிரிந்து ஓடும். கொஞ்ச நேரத்தில் அவை ஓடைகளாகிவிடும். பிறகு அவளே அந்த ஓடையின் அடியில் படுத்திருப்பாள், மேலே தண்ணீர் கண்ணாடித் தகடாக நகர்ந்துகொண்டிருக்கும். பெயரில்லாத மரங்களின் நிழல், யாரும் பார்க்காத ஒரு வெயில். அந்தக் கனவுக்குள்தான் அது கேட்டது. ஐந்து தட்டு. சின்ன இடைவெளி. மறுபடி ஐந்து. விரல் நுனியால் பலகையைத் தொட்டுப் பார்ப்பது போல அவ்வளவு மெதுவாக.

முதலில் எலி என்று நினைத்தாள். எலிக்கு ஐந்து வரை எண்ணத் தெரியாது. மறுநாளும் அதே நேரத்தில் வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. வாய்திறந்து சொல்ல வராத மனிதர், சுவர் வழியாகக் கூப்பிடுகிறார், வேறென்ன?

அவள் ஊசியின் காம்பால் பலகையை ஒரே ஒரு தரம் தட்டினாள். தட்டிவிட்டு, மேசைக்கடியில் ஒளிந்துகொள்ளலாமா என்று பார்த்தாள். மறுபக்கம் சற்றுப் பொறுத்து மறுபடி ஐந்து தட்டியது. அடுத்த சில நாளில் இரண்டு தட்டத் துணிந்தாள். பிறகு மூன்று. மூன்று அவளுக்குப் பிடித்துப்போனது. ஒன்று கஞ்சத்தனம், இரண்டு கதவைத் தட்டுவது, மூன்றில்தான் ஒரு பேச்சு இருந்தது. மாலையில் படிக்கட்டில் பார்த்தால் பூச்சிக்காரர் முகம் பளிச்சென்று இருந்தது. தானாகச் சிரித்துக்கொண்டு தூணில் முட்டிக்கொள்ளப் பார்த்தார். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

அவள் தங்கை வீட்டு மாடியில் குடியிருந்தாள். தங்கை தையல்காரி, எப்போதும் வாய் நிறையக் குண்டூசிகளோடுதான் பேசுவாள். அக்காவுக்குக் கல்லுளிமங்கி என்று பெயர் வைத்தவள் அவள்தான்.

"என்னக்கா, மூஞ்சியில ஆயிரம் வாட்ஸ் பல்பு எரியுது?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா ஏன் சோத்தைப் பாத்துச் சிரிக்கறே? அந்த மஃப்ளர்காரரா?"

கல்லுளிமங்கி சோற்றை இன்னும் இரண்டு தரம் பிசைந்தாள். பிறகு, "அவர் தட்டறார்" என்றாள்.

தங்கை குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்து வைத்தாள். "என்னத்தைத் தட்டறார்?"

"சுவத்தை. அஞ்சு தரம். நான் மூணு தட்டுவேன்."

தங்கை சிரித்த சிரிப்பில் தையல் மெஷினின் பெல்ட் கழன்றுவிட்டது. "ஜெயில்ல இருக்கறவங்ககூட இதைவிட அதிகமாப் பேசிக்குவாங்க. சரி, தினமும் தட்டறாரா?"

"ஒரு நாள் தவறினதில்ல. மணி அடிச்ச மாதிரி வரும்."

"அப்படின்னா மனசுல இருக்கு. ஒரு நாள்கூடத் தவறாம ஒரு ஆம்பள எதையாவது செஞ்சு பாத்திருக்கியா? நாளைக்கு நீயே போய்ப் பேசு" என்றவள், அன்று ராத்திரியே உட்கார்ந்து நீலத்தில் ஒரு சட்டை தைத்து முடித்தாள்.

அந்த நீலச் சட்டையோடு கல்லுக்காரி வேலைக்கு வந்தாள். போய்ப் பேசவேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவள் பையை மாட்டுவதற்குள் பூச்சிக்காரர் தலைகால் புரியாமல் ஓடிவந்தார்.

"உங்ககிட்டதான் முதல்ல சொல்லணும். வாங்க, வாங்க."

அவள் போனாள். அந்த அறைக்குள் அவள் கால் வைத்தது அன்றுதான் முதல் தரம். தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு திரை இருந்தது, அதில் கோடுகள் எழுந்து விழுந்துகொண்டிருந்தன.

"இது ஆண். அஞ்சு தட்டு. வயித்தால மரத்தைத் தட்டுவாங்க. ஒவ்வொரு இனத்துக்கும் ஒவ்வொரு தாளம். நான் பதிவு பண்ணி வெச்சு, மத்தியானத்துல ஒரு கருவி வழியா இந்தத் தொட்டியில தட்டவிடறேன். பெண் இருந்தா பதில் சொல்லும். இதுவரைக்கும் சட்டை உரிச்சு வந்ததெல்லாம் ஆணாத்தான் இருந்துச்சு. நம்பிக்கையே போயிடுச்சு. இப்போ இதைப் பாருங்க."

ஐந்து கோடுகளுக்குப் பின்னால் மூன்று கோடுகள் எழுந்து நின்றன.

"பதில்" என்றார் பூச்சிக்காரர். அவர் கண்கள் கலங்கியிருந்தன. "கூச்ச சுபாவம் இவளுக்கு. முதல் நாள் ஒரே ஒரு தட்டு. அப்புறம் ரெண்டு. அப்புறம் தைரியம் வந்து மூணு. எத்தனையோ வருஷமாக் கேக்கறேன், இவ்வளவு அழகா ஒரு பதிலை நான் கேட்டதே இல்ல."

கல்லுக்காரி திரையருகே குனிந்தாள். அந்த மூன்று கோடுகளில் நடுக்கோடு சற்றே குட்டை. இரண்டாவது தட்டில் அவள் கை எப்போதும் கொஞ்சம் தயங்கும்.

"தட்டும்போது நீங்க... இங்க இருப்பீங்களா?" என்று கேட்டாள்.

"இருக்கமாட்டேன். ஆள் நடமாட்டம் இருந்தா அவங்க வாயே திறக்கமாட்டாங்க. கருவியைப் போட்டுட்டு மேல டீ குடிக்கப் போயிடுவேன்."

டீ குடிக்க. அவள் நெஞ்சு படபடக்க ஊசிக்காம்பால் பலகையைத் தொட்ட ஒவ்வொரு மத்தியானமும், இந்த மனிதர் மேலே உட்கார்ந்து டீ ஆற்றிக்கொண்டிருந்திருக்கிறார். அவளைக் கூப்பிட்டது ஒரு கருவி. அதுவும் அவளைக் கூப்பிடவில்லை.

"வேற சத்தம் எதுவும் கலந்திருக்காதா?" என்றாள், கடைசி முயற்சியாக.

"யார் சத்தம்? உங்க ஊசியா? நீங்கதான் எனக்காகக் கையூசி வெச்சு வேலை பாக்கறீங்களே" என்று சிரித்தார். அந்த நம்பிக்கையைப் பார்க்க அவளுக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

அவர் சொல்லிக்கொண்டே போனார். இந்த இனம் இருப்பது மலைச்சரிவில் உள்ள ஒரே ஓர் ஊற்றில். அடுத்த வாரம் ஊற்றின் வாயை மூடித் தண்ணீரைக் குழாயில் இறக்கப்போகிறார்கள். அதற்குமுன் ஒருதரம் போய் மிச்சமிருக்கும் இளம்பூச்சிகளை எடுத்துவர அனுமதி வாங்கியிருந்தார். இப்போது அந்தப் பயணம் வேண்டாம் என்று மேலதிகாரியிடம் சொல்லிவிட்டார்.

"கல்லைப் புரட்டினா பாதிப் பேர் நசுங்கிடுவாங்க. ஒருத்தி கிடைச்சாச்சு, நூத்துக்கணக்குல முட்டை வைப்பா, அது போதும். அங்க இருக்கறவங்களாவது தண்ணியோட போக்குல கீழ போய்ப் பிழைச்சுக்கட்டும்."

"அந்தப் பெண்ணைத் தேடிப் பாக்கலாமே?"

"தேடக்கூடாது. பதில் சொன்ன பெண் இருந்த இடத்தை விட்டு அசையமாட்டா. ஆண்தான் தட்டித் தட்டி, கேட்டுக் கேட்டு, தேடிப் போகணும். நடுவுல நாம பூந்து பட்டையைத் தூக்கினா எல்லாம் கெட்டுது."

அன்று மத்தியானம் சுவர் தட்டியது. கல்லுக்காரி இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐந்து தட்டு, இடைவெளி. ஐந்து தட்டு, இடைவெளி. அந்த இடைவெளி ஒவ்வொன்றும் அவளுக்காகவே திறந்துவைத்த கதவு மாதிரி இருந்தது இத்தனை நாளும். அவமானத்தைவிட அதுதான் வலித்தது. அவள் தட்டவில்லை. இனி பதில் வராது, பதில் வராவிட்டால் அவரே சந்தேகப்படுவார், மறுபடி ஊற்றுக்குக் கிளம்புவார், தன் மானமும் தப்பும். அப்படித்தான் கணக்குப் போட்டாள்.

மறுநாள் காலையில் அவர் இனிப்போடு வந்தார்.

"நேத்துப் பதில் வரல" என்றார், வாயெல்லாம் பல்லாக.

"அதுக்கு ஏன் இனிப்பு?"

"கூடின பெண் அப்புறம் பதில் சொல்லமாட்டா. ஜோடி சேர்ந்துட்டாங்க. இனி முட்டைதான்."

கல்லுளிமங்கி இனிப்பைக் கையில் வாங்கிக்கொண்டு திருதிருவென்று விழித்தாள். தட்டினாலும் ஆமாம், தட்டாவிட்டாலும் ஆமாம் என்றால் ஒரு பெண் என்னதான் செய்வாள்? பேசித்தான் ஆகவேண்டும். ஆயுளில் பாதியைப் பேசாமலே ஓட்டியவளுக்கு அது எவ்வளவு பெரிய மலை என்பது பேசத் தெரிந்தவர்களுக்குப் புரியாது.

அவர் போனபின் அவள் பெட்டியைத் திறந்து அந்தக் கல்லைப் பார்த்தாள். மேடும் பள்ளமுமாக இரண்டு பாதி. கடைசிப் பூச்சி இது, இதற்குப்பின் இல்லை என்று எந்தக் கல்லிலும் எழுதியிருப்பதில்லை. ஒரு பாறை அடுக்கில் இருக்கும், அதற்குமேல் உள்ள அடுக்கில் இருக்காது. நடுவில் என்ன நடந்தது என்று அவளைப் போன்றவர்கள் வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். இந்த ஓர் இனத்துக்கு என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். ஒருத்தி வெட்கப்பட்டாள், அவ்வளவுதான் நடந்தது.

ஊசியை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனாள்.

"கொஞ்சம் திரையைப் பாருங்க" என்றாள். பூச்சிக்காரர் பார்த்தார். அவள் தொட்டியைத் தொடவில்லை. பலகைச் சுவரில் ஊசிக்காம்பால் மூன்று தரம் தட்டினாள். திரையில் மூன்று கோடுகள் எழுந்தன. நடுக்கோடு குட்டை.

பூச்சிக்காரர் திரையைப் பார்த்தார், ஊசியைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"எல்லா நாளும் நீங்கதானா?"

"எல்லா நாளும்."

"ஏன்?"

பொய் சொல்ல வாய் வந்தது. சும்மா விளையாட்டுக்கு என்று சொல்லியிருக்கலாம். "நீங்க கூப்பிடறீங்கன்னு நெனச்சேன்" என்றாள் அவள்.

தொட்டித் தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பூச்சிக்காரர் சட்டென்று எழுந்து அலமாரியைத் திறந்து ஐஸ் பெட்டிகளை இழுத்துப் போட ஆரம்பித்தார். "அனுமதியை ரத்து பண்ணிட்டாங்களான்னு கேக்கணும். வண்டி வேணும். தண்ணி சூடாகாம கொண்டுவரணும்" என்று தனக்குத்தானே பேசினார். கதவுவரை போனவர் திரும்பிப் பார்க்காமலே, "கல்லைப் புரட்ட மெதுவான கை வேணும். வர்றீங்களா?" என்றார்.

ஊற்றுக்குப் போனபோது குழாய்கள் வந்து இறங்கியிருந்தன. மண் தோண்டும் இயந்திரம் ஒன்று தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தூங்கியது. அதற்குமேலே, பாறை இடுக்கிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. வாயில் வைத்தால் பல் கூசும் தண்ணீர். பனிமூட்டம் மரங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டி மறைத்தது. கல்லுக்காரிக்குக் கண்ணைத் திறந்துகொண்டே நுண்ணோக்கிக்குள் இறங்கிவிட்ட மாதிரி இருந்தது. அவள் கனவில் படுத்திருந்த ஓடை இதுதான். மூட்டத்தில் வடிந்து வந்த வெயில்கூட அதே வெயில்.

முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டுத் தண்ணீரில் இறங்கினார்கள். ஒரு கல்லை அவள் தூக்கினாள், அவ்வளவு மெதுவாக அந்தக் கல்லை மழைகூடத் தொட்டிருக்காது. அடிப்பக்கம் ஈரத்தில் பளபளத்தது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கல்லின் ஒரு பகுதி கால் முளைத்து நடந்தது. தட்டையான உடம்பு, பின்னால் இரண்டு வால், முதுகில் மடித்துவைத்த மொட்டு மாதிரி இறக்கைப் பைகள். வாழ்நாள் முழுக்கத் தடத்தை மட்டுமே பார்த்தவள் கல்லை மூக்குக்கு அருகே கொண்டுவந்து பார்த்தாள்.

"பெரிசா இருக்கறதைப் பாத்து எடுங்க. பெண் பெரிசா இருக்கும்" என்றார் அவர் தாழ்ந்த குரலில்.

பெட்டியில் விட்ட கொஞ்ச நேரத்தில் ஒன்று கால்களை ஊன்றி உடம்பைத் தூக்கித் தூக்கி இறக்கியது. கல்லுக்காரி பயந்துபோனாள். "என்ன பண்ணுது இது?"

"தண்டால் எடுக்குது. தண்ணியில காத்து குறைஞ்சுபோச்சு. உடம்பை ஆட்டித் தண்ணியை நகத்தி மூச்சு விடுது. ஐஸ் போடுங்க, பம்பைப் போடுங்க." இருவரும் ஓடி ஓடிப் போட்டார்கள். தண்டால் நின்றது. அந்தச் சின்ன உடம்பு அடங்கியதைப் பார்த்து அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள், மறைக்கவில்லை. பனிமூட்டத்துக்குப் புண்ணியம், அவர் பார்த்திருந்தாலும் பார்க்காத மாதிரி இருந்துகொள்ள முடிந்தது.

கிளம்பும்போது, தண்ணீர் ஓரத்துப் பாறைமேல் ஒன்று ஏறி நின்றது. முதுகு வெடித்தது. உள்ளிருந்து வெளிறிய, ஈரமான, பெரிய உடம்பொன்று வெளியே வந்து, பழைய சட்டையைப் பாறையிலேயே விட்டுவிட்டு, கசங்கிய இறக்கைகளை விரித்தது. காய்ந்ததும் ஒன்றின்மேல் ஒன்றாக முதுகில் படிய வைத்துக்கொண்டது. கல்லுக்காரி அந்த மடிப்பைப் பார்த்தாள். ஒவ்வொரு நரம்பும் அவளுக்குத் தெரிந்ததுதான், அவளே ஊசியால் வழிதேடிப் போன நரம்பு.

"பொண்ணு" என்றார் பூச்சிக்காரர். அவளையும் மெதுவாகப் பெட்டியில் ஏற்றிக்கொண்டார்.

திரும்பும் வழியெல்லாம் பெட்டியைப் பற்றிப் பேசினார், ஐஸைப் பற்றிப் பேசினார். சுவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாமா என்று தோன்றியது அவளுக்கு. வீட்டில் தங்கை கேட்டதற்கு, "அது பூச்சி" என்றாள். தங்கை சிரிக்கவில்லை. எழுந்துவந்து அக்காவின் பக்கத்தில் வெறுமனே உட்கார்ந்துகொண்டாள்.

சில நாளில் அவர் மறுபடி வந்து கூப்பிட்டார். தொட்டிக்குமுன் இரண்டு நாற்காலிகள் போட்டிருந்தார். "இன்னிக்குக் கருவி இல்ல. அவங்களே தட்டறாங்க. மூச்சு விடாம உட்காருங்க" என்று டீ டம்ளரைக் கையில் கொடுத்தார்.

திரையில் ஐந்து கோடுகள் எழுந்தன. இடைவெளி. அப்புறம், மெல்லியதாக, நெருக்கமாக, ஒரே சீராக இரண்டு கோடுகள். பூச்சிக்காரர் திரும்பி அவள் கைகளைப் பார்த்தார். இரண்டு கையும் டம்ளரைப் பிடித்திருந்தன.

"என்னைப் பாக்காதீங்க. கை ரெண்டும் இங்கதான் இருக்கு" என்றாள் கல்லுக்காரி.

அவர் சிரித்தார், அவளும் சிரித்துவிட்டாள். சிரிப்பு அடங்கியதும் அவள் கேட்டாள்: "என் கல்லுல இருக்கறது தட்டியிருக்குமா?"

"தெரியாது. உலகத்தோட வடக்குப் பக்கத்துல இருக்கறவங்க தட்டறாங்க, தெற்குப் பக்கத்துல இருக்கறவங்க தட்டறதில்ல. ஆதியில எப்படியோ. கல்லுல இறக்கை பதியும், தட்டு பதியாது" என்றார். பிறகு, "இனிமே கருவிக்கு வேலையில்ல. நீங்க மத்தியானத்துலயும் அதிர்ற ஊசியைப் போட்டுக்கலாம்" என்றார்.

அது அவளுக்குச் செய்த உதவி. அவளுக்கோ யாரோ கதவைச் சாத்தின மாதிரி இருந்தது. மறுநாள் மத்தியானம் அதிரும் ஊசியைக் கையில் எடுத்து, போட மனமில்லாமல் வைத்துவிட்டாள். கையூசியால் மணல்மணலாகச் சுரண்டினாள். சுவர் வெறும் சுவராக நின்றது. இத்தனை வருடம் அப்படித்தானே நின்றது, இப்போது மட்டும் என்ன கேடு என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டியும் வலி குறையவில்லை.

அப்போது ஒரு தட்டு கேட்டது.

ஒன்று. நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு இரண்டு, அவசரமாக. பிறகு ஏதோ கீழே விழுந்து உருளும் சத்தம், "சே" என்று ஒரு முணுமுணுப்பு. மறுபடி ஒன்று, அழுத்தமாக. தாளமும் இல்லை, சீரும் இல்லை. வடக்கிலும் சரி, தெற்கிலும் சரி, எந்தக் காலத்துக் கல்பூச்சியும் இவ்வளவு கேவலமாகத் தட்டியிருக்காது.

கல்லுக்காரி கடிகாரத்தைப் பார்த்தாள். டீ நேரம். அவர் மேலே போகவில்லை.

ஊசிக்காம்பால் மூன்று தரம் தட்டினாள். இரண்டாவது தட்டில் கை தயங்கவில்லை. தட்டிவிட்டு, இருந்த இடத்தை விட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது.